குமுதினியை வைத்திருக்க வேண்டுமா?

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றால் எதிர்க்கரையில் காரைநகர் தெரியும். கூப்பிட்டால் கேட்காது, ஆனால் ஆள் நிற்பது தெரியும். இரண்டுக்கும் இடையில் ஓடுவது 'பாதை'. வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்து இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளிற் சிலருக்குப் பாதை என்றால் காலால் நடக்கும் வழி. எங்களுக்கோ அது தண்ணீரில் மிதக்கும் ஒரு தட்டு. சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் சனம் ஏறி நிற்க, இயந்திரம் அதனை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும். தீவகத்தில் கடல்தான் வீதி என்பதற்கு இந்தச் சொல்லே போதும்.

இம்முறை பழைய நீராவிக் கப்பல் ஒன்றின் வரலாறும் அதனைப் பேணுவதும் பற்றி எழுதுவதாகத்தான் ஆசிரியர் குழுவிடம் ஒப்புக்கொண்டேன். குறிப்புகளும் எடுத்தேன். ஆனால் நெடுந்தீவில் பெண்கள் குழுவொன்றின் கூட்டத்தில் அந்தக் கதையை எடுத்தபோது, கூட்டம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரையும் திரும்பிவிட்டது.

முதலில் நீராவிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊர்காவற்றுறை இன்று ஒரு சிறிய பட்டினம். ஆனால் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தின் துறைமுகம் இதுதான். போர்த்துக்கேயர் இதனை யானைத்துறை என்று அழைத்தார்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். துறை என்று பொருள்படும் அவர்களது சொல்லிலிருந்தே 'கயிற்ஸ்' என்ற பெயரும் வந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், 12ஆம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. அதில் இந்த ஊரின் பெயர் ஊராத்துறை. பிற தேசத்து வணிகர் இங்கே வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது கல்வெட்டு. உடைந்த கப்பல்களுக்கும் அதில் சட்டம் உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி. உடைந்த கப்பலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எண்ணூறு வருடங்களுக்கு முன்னரே இந்தக் கடலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறி வந்த மனிதருக்கு என்ன பங்கு என்பது அதில் இல்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் நீராவி வந்தது. 1905 இல் காங்கேசன்துறை வரை றெயில் ஓடத் தொடங்கும் முன்னர், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வருவோருக்குக் கப்பல் ஒரு முக்கிய வழியாக இருந்தது. லேடி ஹவ்லொக், லேடி கோர்டன் என்ற நீராவிக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றி ஓடின. யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழம் குறைந்ததால் பெரிய கப்பல் நகரத்தை அண்ட முடியாது.

எங்கள் அம்மம்மாமாருக்குத் தெரிந்த நீராவிக் கப்பல் மன்னாருக்குரியது. 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சேவை தொடங்கியது. இந்தப் பக்கம் றெயிலால் இறங்கிக் கப்பலேறி, அந்தப் பக்கம் மறுபடி றெயிலேறினால் சென்னை. பின்னாளில் ஓடிய ஏர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர்களை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். கூறைச்சேலை எடுக்கவும், சிதம்பரம், இராமேஸ்வரம் கும்பிடவும், படிக்கவும் போன வழி அது. மலையக மக்கள் வந்ததும், பின்னர் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கண்ணீரோடு அனுப்பப்பட்டதும் அந்த வழியால்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. கடைசியாக இராமானுஜம் கப்பல். எண்பதுகளில் யுத்தம் அதையும் நிறுத்தியது. இவற்றில் ஒன்றையாவது இன்று போய்த் தொட்டுப் பார்க்க முடியாது. தலைமன்னாரில் பழைய இறங்குதுறையின் எச்சம் மட்டும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இவ்வளவையும் நெடுந்தீவுக் கூட்டத்தில் சொன்னேன். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அரைவாசிப் பேர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். நான் சமூகவியல் படித்தவள்; கூட்டு நினைவு, மரபுரிமை என்ற சொற்கள் வாயில் இலகுவாக வரும். பேசி முடித்த பின், முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி கேட்டார்:

"பிள்ளை, ஆரோ வெள்ளைக்காரன்ரை கப்பலைப் பற்றிச் சொல்லுறீர். எங்கடை குமுதினியை என்ன செய்யப் போறியள்?"

குமுதினி நீராவியில் ஓடியதில்லை. டீசல் இயந்திரப் படகு. நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவானுக்கும் இடையே அரசு ஓடவிட்ட படகு. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சோளகக் காற்றுக் காலத்தில் அந்த ஒரு மணி நேரம் நீண்டுவிடும். வயிற்றில் இருப்பது வாய்க்கு வரும். நெடுந்தீவுப் பிள்ளைகளின் பரீட்சை, கிழவர்களின் கிளினிக், கச்சேரி அலுவல், பனங்கட்டி விற்பனை, கலியாணப் பொம்பிளை, பிரேதப் பெட்டி எல்லாம் அதிலேதான் போய்வந்தன.

1985 மே 15 ஆம் திகதி காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. சிறு படகில் வந்து ஏறியவர்கள் பயணிகளைக் கத்தியாலும் கோடரியாலும் வெட்டினார்கள். பெண்களும் சிறு குழந்தைகளும் வயோதிபரும் அதில் இருந்தார்கள். குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. ஊர் மக்களின் கணக்கு முப்பதைத் தாண்டும். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. நெடுந்தீவில் நினைவுத்தூபி உண்டு; ஒவ்வொரு மே 15 இலும் அங்கே விளக்கேற்றுவார்கள்.

இது பலருக்குத் தெரிந்த செய்தி. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று இருக்கிறது. அந்தப் படகைக் கழுவித் திருத்தி, மறுபடியும் அதே கடலில் ஓடவிட்டார்கள். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு, செத்தவர்களின் தாய்மாரும் சகோதரிகளும் பிள்ளைகளும் அதே படகில்தான் போய்வந்தார்கள். 1990 ஓகஸ்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை நடந்து வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சனம் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தது. யுத்தம் முடிந்தது. குமுதினி பழுதாகிக் கரையேறித் திருத்தப்பட்டு மறுபடி மறுபடி வந்தது.

கேள்வி கேட்ட ஆச்சியின் தங்கை அன்றைக்குப் படகில் போனவர். இருவரும் சேர்ந்து போக இருந்தார்கள். ஆச்சிக்குக் காய்ச்சல்.

"பிறகு அதிலை ஏறினீங்களோ?" என்று கேட்டேன். கேட்டபின்தான் அது எவ்வளவு மூடத்தனமான கேள்வி என்று விளங்கியது.

"ஏறாமல் நீந்தியே போறது? ஏறினன். ஆனால் உள்ளுக்கை இறங்கமாட்டன். மழையெண்டாலும் மேலைதான். சேலைத் தலைப்பாலை மூடிக்கொண்டு இருப்பன். அவங்களுக்குத் தெரியும், என்னை உள்ளுக்கை வரச்சொல்லிக் கேக்கிறேல்லை."

உளவளத்துணைப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்: பேரிழப்பு நடந்த இடத்துக்குத் திரும்பிப் போவதென்றால் துணையோடு, ஆயத்தத்தோடு, படிப்படியாகப் போகவேண்டும் என்று. இந்த ஊரில் அந்த இடத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனார்கள், கையில் மீன் பையோடும் கிளினிக் கொப்பியோடும். அதைப் பற்றி எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் வாசித்ததில்லை.

அதன்பின் ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். ஒரே கருத்து இருந்ததாக நான் எழுதினால் அது பொய்.

நாற்பது வயதளவான ஓர் அக்கா, கணவரை 2009 இல் இழந்தவர், கோபத்தோடு சொன்னார்: "பழைய படகைக் கண்ணாடிக்குள்ளை வைக்கக் காசு வரும். என்ரை மகளுக்கு வலி எடுத்த நேரம் காத்தடிக்குது, படகு வெளிக்கிடாது எண்டு சொன்னாங்கள். அதுக்கு ஆர் காசு தாறது?" இன்னொருவர், வைத்திருப்பதே பாவம், நல்ல நாள் பார்த்துக் கடலிலேயே தாட்டுவிட வேண்டும் என்றார். இளம் பெண் ஒருத்தி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "தாட்டால் நடந்ததே இல்லையெண்டு சொல்லிப்போடுவாங்கள் அக்கா. கல்லை எவனும் கட்டலாம். படகு இதுதான்." மூலையில் இருந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நாங்கள் இஞ்சை இருந்து கதைக்கிறம். ஒருநாள் ஆருக்கும் சொல்லாமல் ஏலத்திலை விட்டிடுவாங்கள்."

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு நடைமுறையில் மிகவும் சாத்தியமாகப் பட்டது. எமது நாட்டின் தொல்பொருட் சட்டம் 1940 இல் வந்தது. மிகப் பழைய கட்டடங்களையும் பொருட்களையும் நோக்கியே அது எழுதப்பட்டது. எங்கள் வாழ்நாளில் ஓடிய ஓர் இயந்திரப் படகு அதற்குள் இலகுவில் அடங்காது. கோட்டை என்றால் அடங்கும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கடற்கோட்டையை நீங்கள் கண்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்தது, பிற்காலத்தில் சிறையாக இருந்தது. இன்று அங்கே கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதி. பேணிப் பாதுகாத்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஓர் இரவு அங்கே தங்க எங்கள் பெண்களிடம் காசில்லை.

படகைப் பேணுவது கட்டடத்தைப் பேணுவதிலும் கடினம். மரக்கலம் தண்ணீரில் கிடந்தால் கடற்புழு துளைக்கும். கரையில் கிடந்தால் வெயிலில் பலகை சுருங்கி இணைப்பு வாய் திறக்கும். முன்னர் எங்கள் ஓடாவிமார் வருடாவருடம் கலத்தைக் கரையேற்றி, பலகை இடுக்கில் பஞ்சும் தும்பும் திணித்துக் கலப்பத்து அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசி இறக்குவார்கள். அந்தக் கை பழகிய ஓடாவிமார் குறைந்துவிட்டார்கள். எங்கள் கரையில் எவ்வளவு திறமை இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். 1938 இல் எங்கள் மாலுமிகளே அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிப்போய்ச் சேர்த்தார்கள். அந்தக் கப்பலுக்கும் இங்கே ஒரு பலகைத் துண்டு மிச்சமில்லை.

வெளிநாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஸ்கொட்லாந்தில் வேவர்லி என்ற சக்கர நீராவிக் கப்பலை 1974 இல் ஒரே ஒரு பவுணுக்கு ஆர்வலர் சங்கமொன்றுக்குக் கொடுத்தார்கள். சங்கத்தார் பணம் சேர்த்துத் திருத்தி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடவிட்டார்கள். நல்ல கதை. ஆனால் அது விடுமுறைக்குக் கப்பலேறியவர்களின் நினைவு. எங்களுக்குப் பொருந்தும் கதை ஜப்பானில் இருக்கிறது.

1954 மார்ச் 1 ஆம் திகதி, பசிபிக் கடலில் பிகினி தீவுப் பக்கம் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றைப் பரிசோதித்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானிய மரப்படகின் மீது வெள்ளைச் சாம்பல் விழுந்தது. படகின் பெயருக்கு 'அதிர்ஷ்ட நாகம்' என்று பொருள். 23 பேர் இருந்தார்கள். எல்லோரும் நோயுற்றார்கள், ஒருவர் அதே வருடம் செப்ரெம்பரில் இறந்தார். மீனில் நஞ்சு என்றவுடன் தோக்கியோவின் சுகினாமி என்ற பகுதியில் வீட்டுப் பெண்கள் அணுகுண்டுக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். சந்தைக்குப் போகும் பெண்கள் தொடங்கிய காரியம் நாடெங்கும் பரவி, ஒரு வருடத்துக்குச் சற்று மேலான காலத்தில் மூன்று கோடிக்கும் அதிகமான கையெழுத்துகளாயிற்று.

படகுக்கு என்ன நடந்தது? அதனைப் பயிற்சிப் படகாக மாற்றி வேறு பெயர் சூட்டி ஓட்டினார்கள். பழசானதும் 1967 இல் கழித்துவிட்டார்கள். இயந்திரத்தை விற்றார்கள். உடலைத் தோக்கியோவின் குப்பை கொட்டும் நிலத்தருகே விட்டுவிட்டார்கள். அந்த இடத்தின் பெயர் கனவுத் தீவு. நான் கட்டிச் சொல்லவில்லை, பெயரே அதுதான். 1968 இல் ஓர் இளைஞர் இதைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். சனம் திரண்டது. 1976 இல் அதே இடத்தில் மண்டபம் கட்டிப் படகை உள்ளே வைத்தார்கள். பல வருடங்களுக்குப் பின் பழைய இயந்திரத்தையும் கடலுக்கடியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்கள்.

அந்தப் படகில் இருந்த ஒயிஷி மடஷிச்சி என்பவரின் வாழ்க்கைதான் என்னை மிகவும் நெருங்கியது. ஊரில் நட்டஈட்டைப் பற்றிப் பொறாமைப் பேச்சு, நோயைப் பற்றிக் கதை. தாங்க முடியாமல் தோக்கியோவுக்குப் போய் சலவைக் கடை வைத்துக்கொண்டு ஏறக்குறைய முப்பது வருடம் வாய் திறக்காமல் இருந்தார். 1983 இல்தான் மாணவர்கள் முன் முதன்முறை பேசினார். அதன்பின் 2021 இல் இறக்கும்வரை அந்தப் படகின் கதையைச் சொல்லித் திரிந்தார். காணாமற்போன மகனின் கதையை இன்னும் எவருக்கும் முழுதாகச் சொல்லாத தாய்மாரை எங்கள் வேலையில் நாங்கள் சந்திக்கிறோம். 'ஏன் இவ்வளவு காலம் பேசவில்லை' என்று அவர்களைக் கேட்கும் அதிகாரிகளுக்கு இந்தச் சலவைக்கடைக்காரரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆனால் கோபப்பட்ட அக்காவின் கேள்வி அப்படியே நிற்கிறது. பழைய படகைப் பற்றிப் பேசுபவர்கள் புதிய படகைப் பற்றிப் பேசாவிட்டால் அது அநியாயம். வடதாரகை வந்தது. 2017 ஜனவரியில் அவுஸ்திரேலிய உதவியோடு நெடுந்தாரகை வந்தது. வந்தவையும் பழுதாகி நின்ற காலங்கள் உண்டு. அப்போதெல்லாம் பழைய குமுதினியைத்தான் சனம் தேடியது. கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி இழுவைப் பாதை 2021 நவம்பர் 23 இல் கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாலம் கட்டும்வரை என்று விட்ட பாதை அது. பாதுகாப்பு அங்கி எத்தனை, ஏற்றக்கூடிய ஆட்கள் எத்தனை, படகு கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் பெண்கள் குழுவாகக் கடிதம் எழுதலாம். நெடுந்தீவுக் குழு அந்தக் கூட்டத்திலேயே ஒரு கடிதம் எழுதியது. அதில் முதல் கோரிக்கை இரவில் நோயாளரை ஏற்ற ஒரு படகு. குமுதினியைக் கழிப்பதானால் ஊர்ச் சனத்தைக் கேட்காமல் ஏலத்தில் விடக்கூடாது என்பது இரண்டாவது. வரிசையை மாற்றலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லவேண்டும். படகு முழுவதையும் வைத்திருக்க இடமும் காசும் கிடைக்காமற் போகலாம். சுக்கானோ பெயர்ப்பலகையோ ஓர் இருக்கையோ என்றாலும் நெடுந்தீவிலேயே இருக்கவேண்டும். கொழும்பு நூதனசாலைக்குப் போகக்கூடாது. அதற்கும் முன்னர் செய்யக்கூடியது, செலவில்லாதது ஒன்று உண்டு. குமுதினியில் போன கலியாணப் படம், பழைய டிக்கெட், படகில் கொண்டுபோன கடிதம் உங்கள் றங்குப் பெட்டியில் கிடந்தால் எறியாதீர்கள். நூலகம் நிறுவனத்தினர் இப்படியான ஆவணங்களைப் பிரதி எடுத்து இணையத்தில் சேர்க்கிறார்கள், வாய்மொழி வரலாறுகளையும் பதிகிறார்கள். மூலப் பிரதி உங்களிடமே இருக்கும். பேச விரும்பாதவர்களை எவரும் வற்புறுத்தக்கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போனபின் ஆச்சி என் கொப்பியை வாங்கினார். பேனையால் படகொன்றைக் கீறினார். முன்பக்கம், பின்பக்கம், உள்ளே இறங்கும் படி, இயந்திரம். தானும் தங்கையும் வழமையாக இருக்கும் இடத்தில் இரண்டு புள்ளி வைத்தார். பிறகு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படியை வெட்டி மற்றப் பக்கத்தில் கீறினார்.

"இந்தப் பக்கம்தான். நான்தான் மறந்துபோனன்," என்றார். "நீர் சரியாக எழுதும்."